ஒரு வியாதியும் இல்லாத அக்கா

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மளிகைச் சீட்டு எழுதியதைத் தவிர கை எதையும் எழுதிப் பழகவில்லை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், சிலதை மறந்தும்விடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் கேட்டிருந்தால் இவ்வளவும் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. தாள் என்னை உற்றுப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். அவளைக் கேட்காமல் அதை எழுத மனம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிட வயதில் சின்னவளாகக்கூட இருக்கலாம். ஆனால் அவளை அக்கா என்று கூப்பிடாமல் இருக்க முடியாது, அப்படி ஒரு ஆள்.

மந்தைவெளியிலிருந்து அபிராமபுரம் போகிற பக்கம் ஒரு பார்க் இருக்கிறது. பெரிய பார்க் இல்லை. காலையில் நடக்க வருகிறவர்கள் ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். உள்ளே தள்ளி ஒரு புங்கமரம். இதெல்லாம் நடந்த வருஷம்தான் ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். மிஷின் சத்தம், பஸ் ஹாரன், தண்ணீர் லாரி, எல்லாம் மரத்தடிவரை கேட்கும். ஆனால் அங்கே நம்மைக் கூப்பிடுகிற சத்தம் ஒன்றும் இருக்காது. வீட்டு வேலைக்காரிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். காலை ஆறு மணியிலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற பிழைப்பு எங்களுடையது.

நாங்கள் எட்டுப் பத்துப் பேர் இருப்போம். பாதிப் பேர் முன்பு சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்தவர்கள். வீடுகளை இடித்து அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அக்காவும் அப்படிப் போனவள்தான். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள். காலை வேலை பதினோரு மணிக்கு முடியும். சாயங்கால வேலை நாலு மணிக்கு. நடுவில் வீட்டுக்குப் போய்வர முடியாது. எனக்கு வீடு மந்தைவெளியிலேயேதான், ஆனால் மாவு மில்லுக்குப் பின்னால் ஒரே அறை. மதியம் மில் ஓடும், தகரக் கூரை காயும். அதனால் நானும் இவர்களோடுதான். பார்க்குக்குள் போக ஆரம்பிப்பதற்கு முன்னால், வேலை செய்கிற அப்பார்ட்மெண்ட் படிக்கட்டுக்கு அடியில், மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒண்டி உட்காருவோம். செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்போம்.

பார்க் போர்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? காலை ஐந்திலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து எட்டரை. நாங்கள் வேலை செய்கிற நேரமெல்லாம் திறந்திருக்கும். எங்களுக்கு நேரம் கிடைக்கிறபோது பூட்டியிருக்கும்.

பின்பக்கம் உரக்குழி ஓரத்தில் வேலிக் கம்பி ஒன்று வளைந்திருந்தது. அக்கா அதன் வழியாக உள்ளே போவாள். ஒருநாள் நானும் அவள் பின்னால் நுழைந்தேன். அவள் மரத்தடியில் பழைய புடவையை விரித்தாள். டிபன் டப்பாவைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்தாள். மல்லாக்கப் படுத்து, கையையும் காலையும் தாராளமாக நீட்டிக்கொண்டாள். நான் ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி ஊமச்சி, பஸ்ஸுக்கு நிக்கறவ மாதிரி உக்காந்துகினு கீற? மரம் எங்கயும் போவாது, படு."

அன்றிலிருந்து அவளுக்கு நான் ஊமச்சி.

மெல்ல மெல்ல மற்ற பெண்களும் வந்து சேர்ந்தார்கள், ஆனால் அவர்கள் மரத்தடியில் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருத்தி பூக்கட்டுவாள், ஒருத்தி கீரை ஆய்வாள். யாராவது பார்த்தால் ஏதோ வேலையாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அக்கா ஒன்றும் செய்ய மாட்டாள். பூக்கட்டுகிறவள் ஒருநாள் நார்ச்சுருளை அவள் பக்கம் தள்ளி, கை சும்மாதானே இருக்கிறது என்றாள். "சும்மா இருக்கட்டும்னுதான் இத்த இங்க இட்டாந்தேன்" என்று அக்கா கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலை செய்கிற வீடுகளைப் பற்றி மரத்தடியில் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். யாராவது "எங்க மாமி இன்னிக்கு..." என்று ஆரம்பித்தால் போதும், காய்ந்த புங்கங்காய் ஒன்று பறந்து வரும். குறி தவறாது. தன் புடவையில் யாருக்கும் இடம் கொடுக்க மாட்டாள். பக்கத்தில் படுத்தால் குறட்டையில் நமக்குத் தூக்கம் வராது. அவளோடு பழகுவது ஒன்றும் சுலபமில்லை.

முக்கியமான குணத்தை இன்னும் சொல்லவில்லை. அவள் சாக்குச் சொல்ல மாட்டாள். வேலைக்குப் போக நேரமாகிவிட்டால் நாங்களெல்லாம் பஸ் வரவில்லை என்போம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்போம். அக்கா, "தூங்கிட்டேன்" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அதனால் ஒரு வீட்டு வேலை போயிற்று. பஸ் வரவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "பஸ்ஸு இன்னா பண்ணுச்சு பாவம்? அது மேல எதுக்குப் பழி?" என்றாள். அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் எங்களை ஒருநாள் பிடித்துவிட்டார். நல்ல மனிதர்தான். மதியம் கேட்டைப் பூட்டிவிட்டு மோட்டார் ரூமில் துண்டை விரித்துப் படுப்பவர். அன்றைக்குப் புழுக்கம் தாங்காமல் வெளியே வந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம், அக்கா எழவில்லை. அவர் குனிந்து மெதுவாகத்தான் கேட்டார், உடம்பு சரியில்லையா, அப்படியென்றால் சொல்லிவிடு, நான் கண்டுகொள்ள மாட்டேன் என்று. நான் அக்காவைப் பார்த்து ஆமாம் சொல், ஆமாம் சொல் என்று தலையை ஆட்டினேன்.

"உடம்பு நல்லாத்தான் கீது நைனா. சும்மா படுத்துகினு கீறேன்."

"அப்பிடியெல்லாம் படுக்கக் கூடாதும்மா. பூட்டற டைம் இது."

"நீ எதுக்குப் பூட்டற?"

"நானும் ஒரு அர மணி நேரம் கண்ணசர வேணாமா?"

"அதேதான். நீ அங்க, நான் இங்க. போய்ப் படு."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு கொஞ்ச நாள் தொந்தரவு இல்லை. பங்குனியில் புங்கம்பூ உதிர்ந்தது. தூங்கி எழுந்தால் புடவையெல்லாம் பொரி இறைத்தமாதிரி இருக்கும். உதறாமல் அப்படியே சாயங்கால வேலைக்குப் போவாள் அக்கா. தலையில் என்ன என்று கேட்ட வீட்டில் மரத்தடியில் படுத்திருந்தேன் என்றே சொல்லிவிட்டாள். அப்படித்தான் சேதி வெளியே போயிற்று.

பார்க்கைப் பார்த்துக்கொள்ள, காலையில் நடக்க வருகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் நான் வேலை செய்த வீட்டு மாமா. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ரிட்டயர் ஆன பிறகு செடிக்குத் தன் கையாலேயே தண்ணீர் விட்டவர். பார்க் சுத்தமாக இருக்க வேண்டும், கண்டவர் படுக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. ஒருநாள் நாங்கள் போனபோது வளைந்த கம்பியை நேராக்கி வெல்டிங் வைத்திருந்தார்கள்.

அக்கா கம்பியை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். சுற்றி நடந்து முன்பக்கம் வந்தாள். பூட்டிய கேட்டுக்கு நேரே, பிளாட்பாரத்தில் புடவையை விரித்துப் படுத்துவிட்டாள். சித்திரை வெயில். சுவரோரம் ஒரு முழத்துக்கு நிழல் இருந்தது, அதில் நாங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டோம். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "மயக்கமாம்மா?" என்று கேட்டார்.

"மயக்கம் இல்ல நைனா, மதியம். நீ போ."

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மாமா ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் வந்தார். அக்கா அப்போது அங்கே இல்லை, பாட்டிலில் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். மாமா விரித்த புடவையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என்னிடம் வந்து நின்றார். "நீயுமா? யார் இங்க படுத்துக்கறது, என்னத்துக்கு?" என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயம். அக்காவைப் பற்றிப் போலீசில் சொல்லிவிடுவாரோ என்றும் பயம். தலையைக் குனிந்துகொண்டு, அக்காவுக்கு நெஞ்சு வலி, மதியம் படுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய்.

மாமாவின் முகம் இளகிவிட்டது. "அடடா, முன்னாடியே சொல்லப்படாதோ?" என்றார். வாட்ச்மேனை எழுப்பி, உடம்பு முடியாதவர்களை மட்டும் மதியத்தில் உள்ளே விடச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பாட்டிலோடு வந்தபோது கேட் திறந்திருந்தது. நேரே மரத்தடிக்குப் போனாள். படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா ஊமச்சி? யாராண்டயும் ஒண்ணும் கேக்காம படுத்தாலே கேட்டு தெறக்குது" என்றாள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். நான் இலையை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் வாட்ச்மேன் கேட்டில் நின்று ஒவ்வொருத்தியாக என்ன வியாதி என்று கேட்டார். பூக்கட்டுகிறவள் சர்க்கரை என்றாள். இன்னொருத்தி தலைசுற்றல். ஒருத்தி பயத்தில் இரண்டு மூன்று வியாதியைச் சேர்த்துச் சொன்னாள். எனக்கு மூட்டு வலி, அது நிஜமாகவே உண்டு. புதிதாக வந்தவள் ஒருத்தி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். என்ன வியாதி சொல்வது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டாள். கடைசியாக அக்கா வந்தாள். "உன்னைக் கேக்க வேணாம், உனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிட்டாங்க, போ" என்றார்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். யார் சொன்னது என்று கேட்கவே இல்லை. நான் தலை குனிந்ததே போதுமாக இருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெளியே போய், பிளாட்பாரத்தில் நேற்று விட்ட இடத்தில் புடவையை விரித்தாள்.

பிறகு நாலைந்து நாள் மரத்தடி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அது ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது. சத்தமாகச் சிரித்தால், மூட்டு வலிக்காரி இப்படியா சிரிப்பாள் என்று வாட்ச்மேன் கேட்பார். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று முனக வேண்டியிருந்தது. நடக்கிறவர்களில் ஒருவர் மதியத்தில் வந்து எங்களை எட்டிப் பார்த்து, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். நிழல் இருந்தது, புல் இருந்தது, காற்றும் இருந்தது. ஆனால் வியாதிக்காரியாக நடிப்பதும் ஒரு வேலைதான், பாருங்கள். அந்த வேலையையும் செய்துகொண்டு எப்படித் தூங்குவது? கம்பிக்கு அந்தப் பக்கம் வெயிலில் அக்கா குறட்டை விட்டாள்.

ஒருநாள் நான் எழுந்தேன். முனகாமல் எழுந்தேன். வெளியே போய் அக்காவுக்குப் பக்கத்தில், வெறும் சிமெண்டில் படுத்தேன். முதுகு பொசுங்கியது. அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வெயில்ல எதுக்கு வந்த? உனக்குத்தான் மூட்டு வலி கீதே."

"வலி கீதுக்கா. அதுக்காகப் படுக்க வர்ல."

அக்கா நகர்ந்து, புடவையில் பாதியை எனக்கு விட்டாள்.

அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். அதற்கடுத்த நாள் உள்ளே ஒருத்தியும் இல்லை. கேட் திறந்திருக்க, நாங்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ மாமாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"உள்ள போங்கோன்னு சொல்லியாச்சு. அப்பறமும் நடுத்தெருவுல படுத்துண்டு மானத்தை வாங்கினா எப்படி? நெஞ்சு வலிக்காரி வெயில்ல கிடந்து ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு நெஞ்சு வலி இல்ல சாமி. ஒரு வியாதியும் இல்ல. கல்லு மாதிரி கீறேன்" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருக்கும் எனக்கு. ஆனால் அக்காவின் புடவையில் உட்கார்ந்திருந்தேன். அதில் உட்கார்ந்துகொண்டு எப்படி இன்னொரு பொய் சொல்வது?

"நான்தான் பொய் சொன்னேன் மாமா. அவங்களுக்கு ஒண்ணுமில்ல. வேலைக்கு நடுவுல கொஞ்ச நேரம் மரத்தடியில படுக்கணும். அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் ஆம்பிளை ஒருவர் முகத்தைப் பார்த்து அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்தடவை.

"ஒண்ணுமே இல்லேன்னா எதுக்குப் படுத்துக்கணும்?" என்று மாமா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அக்கா கை நீட்டித் தெருக்கோடிக் கோயில் பக்கம் காட்டினாள். "தோ, மதியம் ஆனா கோயில்ல நட சாத்தறாங்களே, எதுக்கு?"

"பகவான் சயனிச்சுக்கற நேரம். அதுவும் இதுவும் ஒண்ணா?"

"சாமிக்கு இன்னா வியாதி?"

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. மாமா "அதிகப்பிரசங்கி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையோடு திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா தன் அறையில் இருந்தார். மாமி எனக்குக் காபி கலந்து வைத்துவிட்டு, மத்தியானத்தில் தானும் படுத்தால் யாராவது வந்து உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள், நாற்பது வருஷமாக ஒன்றுமில்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை என்று சொன்னார். அறைக்குள் கேட்கிற மாதிரியே சொன்னார்.

ஒரு வாரம் போனது. வாட்ச்மேன் பத்து மணிக்குக் கேட்டைச் சாத்தவில்லை. பதினோரு மணிக்கு நாங்கள் போனோம், ஒன்றும் கேட்கவில்லை. வியாதி சொல்லத் தெரியாமல் திரும்பிப் போன அந்தச் சின்னப்பெண்ணும் வந்தாள். மாமா எதையும் எழுத்தில் மாற்றவில்லை, போர்டில் பழைய நேரம்தான் இருந்தது. ஆனால் கேட் திறந்திருந்தது. அக்கா மரத்தடியில் புடவையை விரித்தாள், முழுசாகத் தனக்கே விரித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். "அது வெளிய, ஊமச்சி. இது உள்ள. தள்ளிப் படு" என்றாள்.

இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ அப்படியே போனது. பிறகு அக்காவுக்கு அவள் வீட்டுப் பக்கமே ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை கிடைத்தது. கடைசி நாளும் வழக்கம்போலத் தூங்கி எழுந்து, புடவையை மடித்து, போய்விட்டாள். நாளைக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. பிறகுதான் கேள்விப்பட்டோம். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்கிறார்கள்.

இப்போது எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், பார்க்கைப் புதிதாக்குகிறார்கள். மாமாவும் இப்போது இல்லை, வாட்ச்மேனும் மாறிவிட்டார். புதிதாகப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், மதியத்தில் இந்த பார்க் எப்போதும் பூட்டித்தான் இருந்தது, பழைய போர்டிலும் அப்படித்தான் இருக்கிறது, புதுப் போர்டிலும் அப்படியே போடப்போகிறோம் என்கிறார்கள். எங்கள் பக்கம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன். பூட்டித்தான் இருந்தது என்பது பொய். பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை கேட் திறந்திருந்தது. நாங்கள் உள்ளே படுத்திருந்தோம். யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. இப்போதும் மதியத்தில் ஏழெட்டுப் பெண்கள் வருகிறார்கள். நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன், ஆனாலும் அந்த நேரத்துக்குப் போய்விடுகிறேன்.

எந்த வருஷம், எந்த மாசம் என்பதில் தப்பு இருக்கும். போர்டில் எட்டரையா ஒன்பதா என்று சந்தேகம். நாங்கள் வெளியே கிடந்தது எத்தனை நாள் என்பதும் சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விசாரிக்கப் போகிறவர்கள் மதியம் ஒரு மணிக்குப் போங்கள். கேட் பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் தட்டுங்கள். பூட்டுவதற்கு முன்பே போய்ப் படுத்திருப்பேன், நான் உள்ளேதான் இருப்பேன். எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும்.